கால் மணிக்கு ஒரு விமானம் – 14: ஜோடிக் கட்டை

தட்டு பறந்து பதினோரு நாள் ஆகிவிட்டது.

அண்ணன் எறிந்த தட்டு. தம்பியின் இடது புருவத்தைக் கிழித்துவிட்டு, சுவரில் மோதி, மூன்று துண்டாகக் கீழே விழுந்தது. புருவத்தில் ஐந்து தையல். அன்று முதல் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு வரியில் அடங்கும். அண்ணன் விமானம் தள்ளுகிறவர். தம்பி, அந்த விமானத்தின் வயிற்றில் அடிக்க வந்த அதிவேக ரயிலை ஓட்டுகிறவன்.

விமான நிலையத்தில் அண்ணனுக்கு 'டிராக்டர்' என்று பெயர். பயணிகள் ஏறியதும் விமானத்தின் முன்சக்கரத்தில் இழுவைக் கம்பியைப் பூட்டி, டிராக்டரால் பின்னுக்குத் தள்ளிக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை, அதே வழித்தடம். இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே ஐம்பது நிமிடப் பறப்பு. ஒரு நாளைக்கு அறுபத்து நான்கு விமானம், கால் மணிக்கு ஒன்று. உலகத்தின் நெருக்கடியான வான்வழிகளில் இதுவும் ஒன்று என்று ஓய்வறைச் சுவரில் பெரிய படமே மாட்டியிருந்தார்கள்.

ரயில் வந்த பிறகு பயணிகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பறப்பது ஐம்பது நிமிடம்தான். ஆனால் விமான நிலையம் போக ஒரு மணி நேரம், சோதனையில் முக்கால் மணி, அங்கே இறங்கி ஊருக்குள் போக இன்னொரு மணி. ரயிலோ நகரத்தின் நடுவில் ஏற்றி நகரத்தின் நடுவில் இறக்கியது, இரண்டேகால் மணி நேரத்தில். அறுபத்து நான்கு நாற்பதானது. இன்று முதல் பதினெட்டு.

அதே நாளில்தான் ரயில்காரர்கள் புது அட்டவணை விடுகிறார்கள். கால் மணிக்கு ஒரு ரயில். அதற்கென்றே கட்டிய நான்காம் நடைமேடையிலிருந்து முதல் வண்டி பத்தரைக்கு. அதை ஓட்டப்போகிறவன் தம்பி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவன்.

*

காலை ஆறு மணிக்கு ஓய்வறைக் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். பதினெட்டு விமானத்துக்கு எத்தனை ஆள் வேண்டுமோ அத்தனை பெயர். மீதிப் பேர் வீட்டுக்கு.

முதல் அடியை யார் கொடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. பெயர் இருந்தவன் ஒருவன் சிரித்தான் என்றார்கள், சிரிக்கவே இல்லை என்றும் சொன்னார்கள். டிராக்டர் உள்ளே நுழைந்தபோது இரண்டு சாமான் ஏற்றுகிறவர்கள் தரையில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் சாமான் கட்டிய கயிற்றை அறுக்கும் கத்தி. டிராக்டர் அந்தக் கையைப் பூட்ஸால் மிதித்தார். இன்னொருவன் அவர் தொடையைக் கடித்தான். அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, அலமாரிக் கதவில் ஒரே மோது. மூக்கு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அறை அமைதியானது.

"பட்டியல் போட்டவனை அடிக்க வக்கில்ல. பக்கத்துல நிக்கறவனை அடிக்கிறீங்க" என்றார். பிறகு மூக்கு உடைந்தவனுக்குத் தன் துண்டையே கொடுத்தார். அவர் அப்படித்தான். நேராகப் போவார், மோதுவார், மோதியதும் இறங்கி வந்து பார்ப்பார்.

அந்த அமளியில் ஒரு வேலை விட்டுப்போனது. தினமும் ஷிப்ட் தொடங்குமுன் நடக்கும் கட்டை எண்ணிக்கை.

நின்ற விமானம் நகராமல் இருக்கச் சக்கரத்தின் முன்னும் பின்னும் வைக்கும் கட்டை. மஞ்சள் பூசியது. விமானம் நிற்கும் இடத்தின் எண் மேலே எழுதியிருக்கும். ஒரு முழக் கயிற்றால் இரண்டிரண்டாகப் பிணைத்திருப்பார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் அதை 'புருஷன் பொண்டாட்டி' என்பார்கள். ஒன்று தேய்ந்தால் இரண்டையும் தூக்கிப் போட வேண்டும். ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்று இருந்தே தீர வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் டிராக்டர் அந்த எண்ணிக்கையைத் தவறவிட்ட முதல் நாள் இதுதான்.

*

அதே நேரம் கட்டடத்தின் முன்பக்கம், பயணச்சீட்டு சரிபார்க்கும் கவுண்ட்டரில், டிராக்டரின் மனைவி இரண்டு விரலில் ரத்தத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டில் சின்னவனுக்கு அவள் அண்ணி. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கவுண்ட்டரில் வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் அண்ணி ஆகிவிட்டாள். எட்டேகால் விமானம் ரத்து என்ற செய்தி இரவே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பாதிப் பேருக்குச் சேரவில்லை. கோட்டு போட்ட ஒருவர் கவுண்ட்டர் கண்ணாடியில் தன் பெட்டியை ஓங்கி அடித்தார். கண்ணாடி அண்ணியின் கைமேல் இறங்கியது. அவள் கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், "அடுத்து மூஞ்சியிலயா சார்?" என்றாள். கோட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடினார்.

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே மொட்டை நின்றான்.

மொட்டை அண்ணியின் உடன்பிறந்தவன். தலை நிறையச் சுருட்டை முடி. அதனால்தான் அந்தப் பெயர். டிராக்டரின் குழுவில் ஒன்பது வருடம் இருந்தான். மூன்று வாரத்துக்கு முன் வந்த முதல் பட்டியலில் அவன் பெயர் இல்லை. தோளில் கனமான பை தொங்கியது. அக்காவின் கையைப் பார்த்துப் பதறினான், கட்டுப் போட்டுவிட்டான், தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். போகும்போதுதான் கேட்டான்.

"சின்னவருக்கு இன்னைக்கு எத்தனை மணி வண்டி?"

அண்ணிக்குக் கொழுந்தனைப் பற்றிக் கொஞ்சம் பெருமை. பத்தரை மணி, நாலாம் நடைமேடை, அதுதான் முதல் வண்டி என்று சொல்லிவிட்டாள். அவன் தலையாட்டிக்கொண்டு போனான். அந்தப் பையில் என்ன என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

*

ஒன்பது நாற்பதுக்கு ஆறாம் எண் இடத்துக்கு விமானம் வந்து நின்றது. கட்டை வைக்க ஓடினவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். ஆறாம் எண் ஜோடியைக் காணோம்.

டிராக்டர் கத்தினார். மூலையில் நின்ற ஒருவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். நேற்று சாயங்காலம் மொட்டை தன் சீருடையைத் திருப்பிக் கொடுக்க வந்தானாம். போகும்போது பை கனத்ததாம். 'ஒம்பது வருஷ ஞாபகத்துக்கு ஒரு ஜோடி' என்று சிரித்தானாம். கூடவே இழுவைக் கம்பியைப் பூட்டுகிற இரும்பு முளை ஒன்றையும் எடுத்துக்கொண்டானாம்.

டிராக்டருக்குப் பதினோரு நாளைக்கு முந்தைய சாப்பாட்டு மேஜை நினைவுக்கு வந்தது. தட்டு பறப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு. ரயிலின் வேகத்தைச் சின்னவன் சொல்லிக்கொண்டிருந்தபோது மொட்டை வாயில் சோற்றோடு சொன்னான்: "எவ்வளவு வேகமா ஓடினா என்ன மாமா, ஒரு கட்டை போதும்." எல்லோரும் சிரித்தார்கள். டிராக்டரும்தான்.

மனைவிக்குப் போன் போட்டார். அவள் காலையில் நடந்ததைச் சொன்னாள்: மொட்டை, கனமான பை, பத்தரை மணி, நாலாம் நடைமேடை.

"போலீசுக்குச் சொல்லிடட்டுமா?" என்று அவளே கேட்டாள். கேட்டது சொந்தத் தம்பியைப் பற்றி.

"வேண்டாம். இது நம்ம வீட்டு விஷயம். நான் பார்த்துக்கறேன்."

சின்னவனைப் போனில் பிடிக்க முடியாது. வண்டி ஓட்டும் நேரத்தில் போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். மொட்டையின் எண்ணை ஆறு தடவை அழைத்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. அடுத்த ஆளிடம் கேட்டு, இன்னொரு ஆளிடம் கேட்டு, பதினைந்து நிமிடம் போனது. பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுத்தார். சிவப்பு விளக்குகளை அவர் மதிக்கவில்லை. ஒரு திருப்பத்தில் காரின் பக்கக் கண்ணாடி முழங்கையில் பட்டுத் தெறித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

*

ரயில் நிலைய வாசலில் பூக்களும் பலூன்களும். மணி பத்து இருபத்தேழு.

பயணச்சீட்டுத் தடுப்பைத் தாண்டிக் குதித்தார். காவலாளி தடியால் முட்டியில் ஒன்று போட்டான். டிராக்டர் தடியோடு அவனையும் சேர்த்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டு ஓடினார். பாதையில் கட்டை இருக்கிறது என்று கத்தினார். முதல் நாள் வாத்தியச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. ஆரஞ்சு உடுப்போடு ஒருவர் ஓடுவதைப் பார்த்தவர்கள், ரயில்வே ஆள் ஏதோ அவசரத்தில் போகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வண்டி நீளமானது, பதினாறு பெட்டி. கதவுகள் மூடிவிட்டன. அவர் பதினோராவது பெட்டியைத் தாண்டும்போது அது நகரத் தொடங்கியது, தண்ணீர் நகர்வதுபோலச் சத்தமில்லாமல். வேகம் பிடிப்பதற்குள் முந்திவிட வேண்டும். நெஞ்சு வெடிக்க ஓடினார். ஓட்டுநர் அறையைத் தாண்டி, நடைமேடை முடிகிற மூலைக்குப் போய்த் திரும்பினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்தார்.

சின்னவன் ரயிலுக்குப் போகுமுன் ஆறு வருடம் அண்ணனின் டிராக்டருக்குப் பக்கத்தில் நடந்தவன். விமானத்தோடு காதுக்குழாய் வயரை மாட்டிக்கொண்டு விமானியிடம் பேசும் வேலை. அந்த வேலையில் வாய்ப்பேச்சு எடுபடாது, இயந்திரச் சத்தம் விழுங்கிவிடும். கைதான் பேசும். குறுக்கே கை போனால் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. ஒரு மழைநாளில் அந்தக் கையைப் பார்த்து அவன் சக்கரத்துக்கு அரை அடி தள்ளி நின்றான். நிற்காமல் போயிருந்தால் விமானச் சக்கரம் அவன் காலின்மேல் ஏறியிருக்கும்.

புருவத்தில் தையல் போட வைத்தவர். பதினோரு நாளாகப் பேசாதவர். பைத்தியம் பிடித்து வந்து நிற்கிறார் என்று அவன் நினைத்திருக்கலாம். முதல் வண்டி, மேலதிகாரிகள், படம் பிடிக்கிறவர்கள் எல்லாம் இருந்தார்கள்.

அவன் கை யோசிக்கவில்லை. பிரேக்கை இழுத்தது. எழுநூறு பேர் முன்னிருக்கையில் மோதிக்கொண்டார்கள். வண்டி அண்ணனைத் தாண்டி இரண்டு அடியில் நின்றது.

ஓட்டுநர் அறையின் பக்கக் கதவைத் திறந்து சின்னவன் தலையை நீட்டினான்.

"என்னண்ணே?"

அதற்கு டிராக்டர் பதில் சொல்லும் முன்பே தூணுக்குப் பின்னாலிருந்து மொட்டை வந்தான்.

தான் வைத்ததை வேடிக்கை பார்க்க வந்தவன் அவன். வண்டி நின்றுவிட்டதைப் பார்த்ததும் அவன் முகத்தில் இருந்தது கோபமா அழுகையா என்று டிராக்டருக்கு இன்றுவரை தெரியாது. கையில் அந்த இரும்பு முளை, ஒரு முழ நீளத்தில். ஒரே வீச்சு. கதவின் கண்ணாடியும் சின்னவனின் முகமும் ஒன்றாக உடைந்தன. சின்னவன் முகத்தைப் பொத்திக்கொண்டு நடைமேடையில் விழுந்தான். விரலிடுக்கில் ரத்தம் பீறிட்டது. மொட்டை இரண்டாம் தடவை ஓங்கினான்.

அந்த வீச்சை டிராக்டர் தோளில் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை அவர் மோதிவிட்டு இறங்கி வந்து பார்க்கவில்லை. மொட்டையின் கழுத்தைப் பிடித்துத் தூணில் அடித்தார். முளை கீழே விழுந்தது. மொட்டை கையை நீட்டி அதை எடுக்கப் போனான். அந்தக் கையின்மேல் பூட்ஸ் விழுந்தது, ஒரு தடவை, இரண்டு தடவை. எலும்பு நொறுங்குவது கேட்டும் நிறுத்தவில்லை. "மாமா" என்று அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். டிராக்டரின் முஷ்டி அந்த வாயிலேயே இறங்கியது. மறுபடியும். மறுபடியும். தாடை ஒரு பக்கமாகப் போனது. எத்தனை அடி என்று அவர் எண்ணவில்லை. பின்னால் கேமராப் பதிவைப் பார்த்து மற்றவர்கள்தான் எண்ணினார்கள். பதினான்கு.

நான்கு காவலர்கள் சேர்ந்து அவரைப் பிரித்து எடுத்தார்கள். அப்போதும் அவர் கத்திக்கொண்டிருந்தது ஒன்றைத்தான். பாதையில் கட்டை, பாதையில் கட்டை.

*

மருத்துவமனைத் தாழ்வாரம். மணி இரண்டே முக்கால்.

டிராக்டரின் வலது கைக்கு மாவுக்கட்டு. பக்கத்தில் ஒரு காவலர். எதிரே நாற்காலியில் பெண் ஆய்வாளர். நடைமேடைப் பதிவை அவர் தன் போனில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகிறவர், திரும்புகிறவர், கையைக் குறுக்கே வைக்கிறவர்.

"வண்டியை நிறுத்தினது நீங்க. நிறுத்தணும்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

ஒன்பது நாற்பதுக்கே தெரியும் என்று சொன்னால், ஏன் போலீசுக்குச் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். நேரத்தைச் சொல்லிக்கொடுத்தது யார் என்ற கேள்வியும் வரும். அதற்குப் பதில் அவர் மனைவி. தம்பியைப் பார்க்கப் போனதாகவும், தண்டவாளத்தில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்ததாகவும் சொன்னார். ஆய்வாளர் நம்பிய மாதிரியும் இல்லை, நம்பாத மாதிரியும் இல்லை. எழுதிக்கொண்டு எழுந்தார்.

அறுவை அறைக்குள் போகுமுன் சின்னவனைச் சக்கரக் கட்டிலில் கொண்டுவந்தார்கள். தலை முழுக்கக் கட்டு, வலது கண் மட்டும் வெளியே. இடது கண் தேறுவது கடினம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒற்றைக் கண்ணோடு யாரையும் ரயில் ஓட்ட விடமாட்டார்கள். அதை அண்ணன், தம்பி இருவருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டிராக்டர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தம்பிதான் முதலில் பேசினான்.

"கை குறுக்க போச்சு. நின்னுட்டேன்."

"தெரியும்டா."

"தட்டு தப்பவிட்ட கண்ணு. பாவம், ரெண்டாவது தடவை தப்பிக்க முடியல" என்று சின்னவன் சிரிக்கப் பார்த்தான். கட்டு நனைந்தது. செவிலி கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள். டிராக்டர் கம்பியை விடாமல் நான்கு எட்டு கூடவே நடந்தார். காவலர் இழுத்து நிறுத்தினார்.

அப்போது போன் வந்தது. மகள். அடுத்த நகரத்தில் படிக்கிறவள். சித்தப்பாவுக்கு அடி என்று தெரிந்ததும் ரயில் ஏறிவிட்டாளாம். விமானம் இல்லையே அப்பா, பதினெட்டுல ஒண்ணுகூட இந்த நேரத்துக்கு இல்ல என்றாள், அழுகைக்கு நடுவே. மூணு நாற்பதுக்கு வந்துவிடுவாளாம்.

"சீட்டுல நாலாம் நடைமேடைன்னு போட்டிருக்கு. சித்தப்பாவோட நடைமேடை. மூணு மணிக்குத்தான் மறுபடி திறக்கறாங்களாம்."

பத்திரமாக வா என்று சொல்லி வைத்தார்.

மூன்றே காலுக்கு ஆய்வாளர் திரும்பி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதை நாற்காலிமேல் வைத்தார். பாதையில் கிடைத்ததாம். புறப்படும் தண்டவாளத்தில், மேம்பால வளைவுக்குச் சற்று முன்னால். அங்கே வண்டி கவிழ்ந்திருந்தால் கீழே சாலையில் விழுந்திருக்கும் என்றார். இது உங்கள் விமான நிலையத்துக் கட்டைதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு, போனில் இன்னொரு அழைப்பு வர, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

டிராக்டர் பையைப் பார்த்தார். மஞ்சள் நிறம், ஆறாம் எண். கயிறு ஒரு சாணில் முடிந்திருந்தது. அவிழ்த்த முனை இல்லை. அறுத்த முனை.

ஒரே ஒரு கட்டை.

ஒன்றைக் கண்டெடுத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டிருக்கிறார்கள். தேடினவர்களுக்குக் கட்டை என்றால் ஒன்று. ஜோடி என்பது விமானம் தள்ளுகிற ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று அவருக்கு உறைத்தது. இன்னொன்று எங்கே என்று தெரிந்தவன் ஒருவன்தான்.

அவன் வாயை அவரே உடைத்திருந்தார். எழுதுகிற கையையும்.

*

அந்த நேரம் பார்த்து அண்ணி தாழ்வாரத்தில் வந்தாள். வந்த வேகத்தில் கட்டுப் போட்ட கையாலேயே புருஷன் நெஞ்சில் குத்தினாள். இரண்டு குத்து, மூன்று குத்து. காவலர் தடுக்கவில்லை.

"பதினாலு அடி. ஒண்ணு ரெண்டுல நிறுத்தத் தெரியாதா உங்களுக்கு?"

அவர் வாங்கிக்கொண்டார். அவள் மூச்சு வாங்கினாள். பிறகு குரல் இறங்கியது.

"என் தம்பி கண்ணு முழிச்சிட்டான். கம்பி போட்டுத் தாடையைக் கட்டியிருக்காங்க. ஏதோ சொல்லப் பார்க்கிறான். இடது கையை ஆட்டறான், கண்ணுல தண்ணியா ஊத்துது. எனக்கு ஒண்ணும் புரியல. அது உங்க பாஷை. நீங்க வந்து பாருங்க."

மொட்டையின் அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. காவலரும் கூடவே வந்தார். கட்டிலில் கிடந்தது மொட்டையா என்று சுருட்டை முடியை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடிந்தது. டிராக்டரைக் கண்டதும் அவன் உடம்பு பின்னுக்குச் சுருங்கியது. பிறகு, மெதுவாக, நல்ல கையைத் தூக்கினான்.

கட்டைவிரலை மட்டும் நீட்டி, உள்பக்கமாகத் தள்ளினான்.

ஒன்பது வருடம் தினமும் நாற்பது தடவை பார்த்த சைகை. கட்டை வைத்தாயிற்று.

"இன்னொண்ணும் வச்சுட்டியா? எங்கேடா? நாலுலயேவா?"

இமை ஒரு தடவை மூடித் திறந்தது. ஆமாம்.

"எடுத்த இடத்துக்குப் பக்கத்துலயா?"

தலை லேசாக ஆடியது. இல்லை. மொட்டை முழங்கையை மடக்கினான். உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, காற்றை அழைத்தான். ஒரு தடவை. இன்னொரு தடவை. வரும் விமானத்தை இடத்துக்குக் கூப்பிடுகிற சைகை. வா, முன்னால வா.

வரும் வழி. நான்காம் நடைமேடைக்கு வண்டி உள்ளே வருகிற தண்டவாளம். சாலைக்கு அந்தப் பக்கத் தூண்களின்மேல் தனியாக வரும் பாதை. முதல் வண்டியை நேற்றிரவே கொண்டுவந்து நிறுத்திவிட்டதால் காலையிலிருந்து அதில் ஒரு வண்டிகூட வரவில்லை. மூன்று மணிக்குத் திறந்துவிட்டார்கள். முதலில் வரப்போவது மூன்று நாற்பது.

அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன சொல்றான்?"

அவர் சொல்லவில்லை. சொன்னால் அவள் அங்கேயே விழுந்துவிடுவாள். மகள் எந்த வண்டியில் வருகிறாள் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

இந்தத் தடவை நம்ம வீட்டு விஷயம் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. அறையை விட்டுப் பாய்ந்தார். கைதி ஓடுகிறான் என்று காவலர் பின்னாலிருந்து தாவினார். தாழ்வாரத்தின் நடுவில் இருவரும் விழுந்தார்கள். மாவுக்கட்டு தரையில் மோதியது. வலி தலைக்கு ஏறியது. எழுந்தார். காவலரின் கை பின்னாலிருந்து அவர் கழுத்தைச் சுற்றி இறுக்கியது. ஆய்வாளரைக் கூப்பிட வாயைத் திறந்தார். காற்று வரவில்லை, குரலும் வரவில்லை.

தாழ்வாரத்தின் கோடியில், மூடிய கண்ணாடிக் கதவுக்கு அப்பால், ஆய்வாளர் காதில் போனோடு லிப்ட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. லிப்ட் கதவு திறந்தது. உள்ளே போகத் திரும்பியவரின் பார்வை ஒரு கணம் கண்ணாடி வழியாக உள்ளே விழுந்தது.

டிராக்டர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். மாவுக்கட்டுப் போட்ட கையின்மேல் நல்ல கையைக் குறுக்கே வைத்தார். கழுத்தை இறுக்கிய பிடியில் கண் இருண்டது. கைகளை இறக்கவில்லை.

அந்தச் சைகையை இன்று ஒரு நாளில் எத்தனையோ முறை போன் திரையில் ஓட்டிப் பார்த்தவர் ஆய்வாளர். அதைக் கண்ட பிறகு ஒரு வண்டி எப்படி நின்றது என்பதையும் பார்த்தவர். லிப்ட்டுக்குள் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். போனைக் காதிலிருந்து இறக்கினார்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தெட்டு.

ஆய்வாளர் நின்றுவிட்டார். ரயில் இன்னும் நிற்கவில்லை.